கொல்லையில் கல்வட்டம் இருந்தால்: அடையாளம் காண, அளக்க, காக்க

பழைய வட ஆர்க்காட்டில், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், மலையடிவாரத்துக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள சரளைக் கொல்லைகளில் சில இடங்களில் கலப்பை சுற்றிக்கொண்டு போகும் கல்மேடு ஒன்று இருக்கும். ஊரில் அதைப் பாண்டவர் வீடு என்பார்கள், வாலியர் வீடு என்பார்கள், குள்ளர் வீடு என்பார்கள். பெயர் இல்லாத மேடுகளும் உண்டு. அவற்றில் ஒரு பகுதி, பெரிய கற்களை வைத்து இறந்தவர்களைப் புதைத்த பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள்.

இந்த வட்டாரம் அதற்குப் பேர்போனது. திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் புதிய கற்கால வாழ்விடமும் அதை அடுத்த பெருங்கற்காலத் தடயங்களும் கிடைத்தன. திருவண்ணாமலை மாவட்டம் மோட்டூரில் கல்வட்டத்துக்குள் மனித உருவில் செதுக்கிய பெரும்பலகைக் கல் நிற்கிறது. வந்தவாசிப் பக்கத்துக் கீழ்நமண்டியில் சுடுமண் சவப்பெட்டியான ஈமப்பேழையோடு கிடைத்த கரிக்கு கி.மு. 1692 என்று காலக்கணிப்பு வந்ததாகத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் அறிவித்தது. எல்லாமே உழுதுகொண்டிருக்கும் நிலங்களுக்கு நடுவில் இருப்பவை.

மேடுகள் அழிவதற்குப் புதையல் ஆசையை மட்டும் குறை சொல்ல முடியாது. அது என்னவென்று தெரியாததும், தெரிந்துவிட்டால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்ற பயமும்தான் அதிகக் காரணம். இரண்டுக்கும் கீழே பதில் இருக்கிறது.

எது ஈமச்சின்னம், எது வெறும் கல்மேடு

முதலில் கையில் எதையும் எடுக்காமல் மேட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி முடித்து நிலம் வெறுமையாகக் கிடக்கும் நாள் நல்லது. கோடை மழை ஒன்று பெய்து மண் கழுவப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. காலை 7 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பிறகோ சாய்ந்த வெயிலில் போனால் அரை அடி மேடுகூட நிழலால் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகத் தோன்றும்.

கல்வட்டம் என்றால், பெரிய உருண்டைக் கற்களோ பலகைக் கற்களோ விளிம்பில் வட்டமாக நிற்கும். குறுக்களவு பெரும்பாலும் 5 முதல் 12 மீட்டருக்குள் இருக்கும். அந்தக் கற்கள் மண்மேல் சும்மா உட்கார்ந்திருக்காது, அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். வட்டத்துக்குள் கையளவு, தலையளவுக் கற்களும் மண்ணும் கலந்த குவியல் இருக்கும். இதைக் கற்குவை என்கிறோம். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: உள்ளே பலகைக் கற்களால் கட்டிய அறையான கற்பதுக்கையின் மூடுகல் உடைந்து மண் இறங்கியிருக்கும், அல்லது முன்பே யாரோ தோண்டியிருப்பார்கள். தோண்டிய பள்ளம் என்றால் பக்கத்திலேயே அள்ளிப் போட்ட மண் ஒருபுறமாகக் குவிந்திருக்கும்.

ஏமாற்றக்கூடிய மேடுகள் நான்கு.

கிணற்று மண்மேடுதான் அதிகம் ஏமாற்றும். பழைய கிணறு தூர்ந்து மறைந்துபோய், வெட்டிக் கொட்டிய மண் மட்டும் வட்டமாக நிற்கும். கற்களைப் பாருங்கள்: வெடி வைத்துப் பிளந்த கற்களின் விளிம்பு கூராக இருக்கும், சிலவற்றில் துளையிட்ட தடம் பாதிக் குழாய் போலத் தெரியும். ஈமச்சின்னத்துக் கற்களின் மேல்முகம் வெயிலிலும் மழையிலும் மங்கி, பாசி ஏறி இருக்கும்.

அடுத்தது உழவர் பொறுக்கிப் போட்ட கற்குவியல். இது வரப்பு ஓரத்திலோ நிலத்தின் மூலையிலோ இருக்கும், விளிம்பு வட்டம் இருக்காது, கற்களுக்கு நடுவே மண் இறுகியிருக்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை: பல தலைமுறையாகப் பொறுக்கிய கற்களை ஏற்கெனவே இருந்த கல்வட்டத்தின் மேலேயே கொட்டி வைத்திருப்பதும் சகஜம். உழ முடியாத இடம்தானே என்று அங்கே போட்டிருப்பார்கள். அதனால் குவியலின் மேல்பகுதியைப் பார்த்து முடிவு செய்யாமல், அடி விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்.

செங்கல் சூளை இருந்த மேட்டில் சுட்ட செங்கல் துண்டும் கரியும் கிடக்கும். கடைசியாக, இந்த வட்டாரத்தில் பாறை தானாகவே வெடித்து உருண்டைக் கற்களாகப் பிரியும். அப்படிப்பட்ட இடத்தில் கற்கள் சரிவை ஒட்டிச் சிதறிக் கிடக்கும், அளவு ஒரே மாதிரி இராது, வட்டத்தின் கால்வாசி கூடச் சேராது.

சந்தேகம் தீர்க்கும் பொருள் பானை ஓடு. உட்புறமும் வாய்ப்பகுதியும் கருப்பாக, வெளிப்புறக் கீழ்ப்பகுதி சிவப்பாக உள்ள மெல்லிய, வழவழப்பான ஓடு கிடந்தால் அது கருப்பு-சிவப்புப் பானை வகை. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத பகுதி கருத்தும் காற்றுப் பட்ட பகுதி சிவந்தும் வந்தது என்பது பொதுவான விளக்கம். விரல் கனத்துக்கு மேல் தடித்த, சொரசொரப்பான செம்பழுப்பு ஓடுகள் வளைவு குறைவாகக் கிடந்தால் அது முதுமக்கள் தாழியின் துண்டாகவோ, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையின் துண்டாகவோ இருக்கலாம். தடித்த ஓட்டோடு கட்டையான, உருளையான கால்துண்டும் கிடைத்தால் பேழை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வட்டம் கண்டால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். இவை தனியாக இருப்பது குறைவு. கரம்பாகவே விடப்பட்ட சரளை நிலத்தில் ஐந்து, பத்து, சில இடங்களில் நூற்றுக்கு மேலும் இருக்கும். புதைத்தவர்கள் வாழ்ந்த இடம் அருகே நல்ல மண் உள்ள பகுதியில் நத்தமேடாக இருக்கலாம். சாம்பல் நிற மண், நிறையச் சிறு ஓடுகள், எலும்புத் துண்டுகள், இரும்புக் கசடு ஆகியவை நத்தமேட்டின் அடையாளம்.

உள்ளே இருப்பது என்ன

தோண்டக் கூடாது என்று சொன்னால் மட்டும் போதாது, ஏன் என்று தெரிந்தால்தான் கை நிற்கும்.

கற்குவைக்குக் கீழே தாழியோ, பேழையோ, கற்பதுக்கையோ, வெறும் குழியோ இருக்கும். கற்பதுக்கை நான்கு பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய அறை. ஒவ்வொரு பலகையும் அடுத்ததன் முனையைத் தாண்டிச் சற்று நீண்டிருக்கும்படி ஸ்வஸ்திகா அமைப்பில் நிறுத்தியிருப்பார்கள். வெளியிலிருந்து மண் அழுத்த அழுத்த நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒரு பலகையை அசைத்தால் மற்ற மூன்றும் உள்ளே சாயும். ஜேசிபி வாளி ஒரு முறை பட்டால் போதும் என்பது இதனால்தான். பலகை ஒன்றில், பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில், வட்டமான இடுதுளை இருக்கும்.

உள்ளே கிண்ணங்கள், மூடிகள், பானையை நிறுத்தும் புரிமணைகள், இரும்பு வாள், கத்தி, அம்புமுனை, சில இடங்களில் சூதுபவள மணிகள் இருக்கும். எலும்பு முழு உடலாக இருப்பது அரிது. வேறிடத்தில் வைத்திருந்து எடுத்த சில எலும்புகளை மட்டும் பிறகு கொண்டுவந்து வைத்தார்கள். தங்கம் கிடைப்பது மிக மிக அபூர்வம். ராத்திரியில் தோண்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் உடைந்த சட்டிதான் மிஞ்சும்.

உண்மையான மதிப்பு பானையில் இல்லை, எது எதற்குக் கீழே இருந்தது என்பதில் இருக்கிறது. தாழிக்குள் இருந்த கரித்துண்டும் அதை ஒட்டிய இரும்புக் கத்தியும் ஒரே அடுக்கில் கிடந்தால், கரியை வைத்துக் கத்தியின் காலம் சொல்லலாம். வெளியே எடுத்து மேசைமேல் வைத்த பிறகு அந்தத் தொடர்பை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பானைக்குள் இருக்கும் மண்ணும் அப்படியே. பையம்பள்ளியில் கருகிய கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்ததால்தான் அங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று தெரிந்தது. மண்ணைக் கொட்டிப் பானையை மட்டும் கழுவி வைத்தவரிடம் அந்தச் செய்தி இருக்காது.

அளப்பதும் வரைவதும்

தோண்டாமல், ஒரு கல்லையும் நகர்த்தாமல், இரண்டு பேர் அரை நாளில் நல்ல வரைபடம் ஒன்று எடுத்துவிடலாம். தேவை: 30 மீட்டர் நாடா இரண்டு, மூங்கில் முளை நான்கு, நூல், தூக்குக்குண்டு, கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப், 20 சென்டிமீட்டருக்கு ஒரு முறை கருப்பு-வெள்ளை வண்ணம் பூசிய 1 மீட்டர் குச்சி, கட்டத்தாள், கவராயம், செல்போன்.

இடத்தைப் பதிவது முதல் வேலை. செல்போன் ஜிபிஎஸ் எண்ணைத் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுதுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், திறந்த வெளியிலேயே 4, 5 மீட்டர் தள்ளிக் காட்டும். நெருக்கமான கல்வட்டங்களில் அந்தப் பிழை உங்களைப் பக்கத்து வட்டத்துக்கே கொண்டுபோய்விடும். அதனால் புலப்படத்தில் குறித்த இரண்டு சர்வே கற்களிலிருந்து வட்டத்தின் விளிம்பு வரை நாடா பிடித்து அளவு எழுதுங்கள். சர்வே எண், உட்பிரிவு எண், கிராமம், வட்டம் நான்கும் குறிப்பில் இருக்க வேண்டும்.

வட்டத்துக்கு வெளியே 3 மீட்டர் தள்ளி, ஒன்றுக்கொன்று வட்டத்தின் குறுக்களவுக்குச் சமமான தூரத்தில் ‘அ’, ‘ஆ’ என இரண்டு முளை நடுங்கள். வட்டத்துக்குள் முளை அடிக்கவே கூடாது. சிறு முளைகூட மேலாக இருக்கும் தாழி வாயை உடைத்துவிடும். இரண்டு முளைக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து தாளில் 1:50 அளவில் வரையுங்கள், அதாவது நிலத்தில் 1 மீட்டருக்குத் தாளில் 2 சென்டிமீட்டர். 10 மீட்டர் வட்டமே 20 சென்டிமீட்டர் ஆகிவிடும். முளைகளையும் சேர்க்க அகலமான தாள் வேண்டும். அது இல்லையென்றால் 1:100 வைத்துக்கொள்ளுங்கள்.

விளிம்புக் கற்களுக்கு வடக்கில் தொடங்கி வலஞ்சுழியாக எண் கொடுங்கள். எண்ணைச் சுண்ணாம்பாலோ பெயின்டாலோ கல்லில் எழுதாமல், காகிதத் துண்டில் எழுதிச் சிறு கல் வைத்து அழுத்துங்கள். ஒவ்வொரு கல்லின் வெளிமுக நடுவை, மண் மட்டத்தில், ‘அ’விலிருந்தும் ‘ஆ’விலிருந்தும் அளக்க வேண்டும். தாளில் இரண்டு அளவுக்கும் கவராயத்தால் வில் போட்டால் வெட்டும் இடமே கல்.

இதில் வரும் தவறுகள் மூன்று. ‘அ’விலிருந்து கல்லின் ஒரு மூலைக்கும் ‘ஆ’விலிருந்து இன்னொரு மூலைக்கும் அளந்தால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். சரிவில் நாடாவை மண்ணோடு படுக்கவைத்து இழுத்தால் தூரம் கூடுதலாக வரும். நாடாவைக் கிடைமட்டமாகப் பிடித்து, முனையிலிருந்து தூக்குக்குண்டு இறக்க வேண்டும். மூன்றாவது, இரண்டு வில்லும் ஒன்றோடொன்று படுத்துக்கொண்டு வெட்டுவது. வெட்டும் கோணம் 30 பாகைக்குக் குறைந்தாலோ 150 பாகைக்கு மேல் போனாலோ கல் எங்கே என்று தெரியாது. அந்தக் கற்களுக்கு மட்டும் வேறு இடத்தில் மூன்றாவது முளை நட்டு அளங்கள். முடிந்ததும் எதிரெதிர்க் கற்கள் நான்கு ஜோடிக்கு நடுவே உள்ள தூரத்தை நிலத்தில் அளந்து தாளோடு ஒப்பிடுங்கள். 1:50 தாளில் 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் அளவில் பிழை இருக்கிறது.

உயரத்துக்குத் தண்ணீர் டியூப் போதும். வெளியே உழுத மண் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து, மேட்டின் நடுவும் விளிம்பும் எவ்வளவு உயரம் என்று எடுங்கள். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் பல சென்டிமீட்டர் தப்பாகக் காட்டும், தொடங்கும் முன் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து மட்டம் ஒன்றா என்று பாருங்கள். பதுக்கை தெரிந்தால் ஒவ்வொரு பலகையின் நீளம், கனம், வெளியே தெரியும் உயரம், இடுதுளையின் குறுக்களவு, அது பார்க்கும் திசை ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். திசைகாட்டியை டிராக்டர், இரும்பு வேலி, மோட்டார் கொட்டகை அருகே வைத்தால் முள் பொய் சொல்லும்.

படம் எடுப்பதில் பலர் வெயில் பளிச்சென்று இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வடிவம் தெரிய வேண்டிய படத்துக்குச் சாய்ந்த வெயில், பல படங்களைக் கணினியில் இணைத்து முப்பரிமாணப் படம் உருவாக்க மேகம் மூடிய வெளிச்சம். முப்பரிமாணத்துக்கு மேட்டைச் சுற்றி இரண்டு சுற்று, ஒன்று இடுப்பு உயரத்தில், ஒன்று கையை உயர்த்தி. ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் மூன்றில் இரண்டு பங்கையாவது மீண்டும் காட்ட வேண்டும். அளவுகுச்சி எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கட்டும். இருப்பிடத்தோடு இந்தப் படங்களைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். இரவுக்குள் கடப்பாரையோடு ஆள் வரும்.

ஓடுகளைப் பொறுக்காமல், கிடந்த இடத்திலேயே குச்சி வைத்துப் படம் எடுத்து, வரைபடத்தில் குறித்தால் போதும். கீறல் குறியீடு உள்ள ஓடு என்றால் நெருக்கமாக ஒரு படம் கூடுதலாக. துடைக்கவோ கழுவவோ வேண்டாம்.

உழும்போது திடீரென்று வெளிப்பட்டால்

சொட்டுநீர்க் குழாய்க்கு வாய்க்கால் பறிக்கும்போது, மாங்கன்றுக்குக் குழி எடுக்கும்போது, கொல்லையைச் சமப்படுத்தும்போதுதான் பெரும்பாலும் தாழி வெளிப்படுகிறது. கலப்பையையோ மண்வெட்டியையோ அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த ஒரு மணி நேரத்தில் செய்வதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

தாழிக்குள் உள்ள மண்ணை எடுக்காதீர்கள். அந்த மண்தான் விரிசல் விட்ட சுவரை உள்ளிருந்து தாங்குகிறது, எடுத்தால் வெளிமண் அழுத்தத்தில் சுவர் உள்ளே விழும். எலும்பு தெரிந்தால் கை படக் கூடாது. பல நூற்றாண்டாக ஈரத்தில் இருந்த எலும்பு வெயில் பட்ட அன்றே செதில் செதிலாக வெடிக்கும். இரும்பு இன்னும் மோசம், காய்ந்தால் துருப்படலம் உரிந்து உருவமே தெரியாமல் போகும். உடனே நிழல் கொடுங்கள்: மேலே பருத்தித் துணி, அதன்மேல் அதே குழியிலிருந்து எடுத்த மண்ணைக் கல் பொறுக்கி நான்கு விரல் கனத்துக்கு, அதற்கும் மேலே தென்னை ஓலை. பிளாஸ்டிக் தாள் போட்டால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலமானால் குழியைச் சுற்றித் தண்ணீர் வடிய மேலாக ஒரு சிறு வாய்க்கால் மட்டும் இழுத்துவிடுங்கள், குழிக்குள் தண்ணீர் தேங்கவே கூடாது.

ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட துண்டுகளை உடைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, எந்தப் பக்கத்திலிருந்து வந்ததென்று எழுதிய சீட்டோடு, மண்ணோடு அட்டைப் பெட்டியில் வையுங்கள். பசை போட்டு ஒட்டும் ஆர்வம் வரும். கடைப்பசை பிறகு கரையாது, ஆய்வும் கெடும். திறந்த பதுக்கைக்குள் வெறும் கையை விட வேண்டாம், பாம்புக்கும் தேளுக்கும் அது குளிர்ந்த நல்ல வீடு.

யாரிடம் சொல்வது, நிலம் என்னாகும்

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி என்ற நான்கும் அதில் வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. உரிமம் இல்லாமல் பழம்பொருள் வியாபாரம் செய்வது 1972ஆம் ஆண்டின் பழம்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டப்படி குற்றம். ‘பழைய மணி வாங்குகிறோம்’ என்று வருபவரிடம் கொடுத்தால் கொடுத்தவரும் மாட்டலாம்.

நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல், மனுவைத் தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். ஒரு நகல் ஆட்சியருக்கு, ஒன்று சென்னையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஆணையருக்கு. வேலூர்க் கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்திலும் ஓட்டின் படத்தைக் காட்டி விசாரிக்கலாம். மனு இப்படி இருந்தால் போதும்:

“எனது பட்டா நிலம், சர்வே எண் …, … கிராமம், … வட்டம். … தேதியன்று சொட்டுநீர்க் குழாய்க்குப் பள்ளம் எடுத்தபோது 2 அடி ஆழத்தில் பெரிய மண்தாழியின் வாய்ப்பகுதி தெரிந்தது. வேலையை நிறுத்தி, துணியும் மண்ணும் போட்டு மூடி வைத்துள்ளேன். எதையும் வெளியே எடுக்கவில்லை. இடத்தைப் பார்வையிடக் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: புலப்பட நகல், வரைபடம், படங்கள்.”

இனி நிலம் பற்றிய பயம். ஒரு தாழி கிடைத்ததாலேயே பட்டா ரத்தாகாது. பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிப்பது தனி நடைமுறை. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில், அறிவிக்கும் முன் இரண்டு மாத அவகாசம் கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குப்பகுதி என்று எல்லோரும் சொல்லும் விதி, மத்திய அரசு பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றித்தான். பலருக்குத் தெரியாத இன்னொன்று: அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளேயேகூட, மேல்மண்ணில் ஓரடி ஆழத்தைத் தாண்டித் தோண்டாத பயிர்ச்செய்கையை அனுமதிக்கிறது. மாநிலத்துக்குத் தனியாக 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அங்கும் அரசிதழில் அறிவிக்காமல் எதுவும் பாதுகாக்கப்பட்ட சின்னமாகிவிடாது.

பயிர் வைத்துக்கொண்டே காப்பது

அந்த ஓரடிக் கணக்கையே உங்கள் கொல்லைக்கும் வைத்துக்கொள்ளலாம். விளிம்புக் கற்களுக்கு வெளியே 3 மீட்டர் வரை உழவே வேண்டாம். சிறு தாழிகள் வட்டத்துக்கு வெளியேயும் புதைந்திருக்கும். அதற்கு அப்பால் கொக்கிக் கலப்பை ஓட்டலாம், அது அரை அடிக்கு மேல் போகாது. உளிக்கலப்பையும் சட்டிக் கலப்பையும் கல்வட்டம் உள்ள புலத்தில் வேண்டாம். மல்லாட்டை, கேழ்வரகு, கொள்ளு போன்ற, ஆழக் குழி எடுக்க வேண்டாத பயிர்கள் பரவாயில்லை. மாவுக்கும் தென்னைக்கும் மூன்றடிக் குழி எடுக்க வேண்டும், வேரும் பலகைகளுக்கு நடுவே நுழையும், எனவே 10 மீட்டராவது தள்ளி வையுங்கள். சொட்டுநீர்க் குழாயைப் புதைக்காமல் மேலாகவே ஓட்டுங்கள்.

மேட்டில் வேலிகாத்தான் முளைத்திருந்தால் வேரோடு பிடுங்காதீர்கள். வேர் வரும்போது கல்லும் ஓடும் சேர்ந்து வரும். தரைமட்டமாக வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க மீண்டும் வெட்டினால் கட்டுக்குள் இருக்கும். புல் நிற்கட்டும், மண் அரிக்காமல் பிடிக்கும். தாளும் சருகும் கூட்டிக் கொளுத்துவதை அங்கே செய்யக் கூடாது. சூட்டில் கருங்கல்லின் மேல்தோல் செதிலாகப் பெயரும்.

ஊரார் அங்கே கும்பிடுகிறார்கள் என்றால் தடுக்க வேண்டியதில்லை, பெரும்பாலான இடங்களில் அந்தப் பயபக்திதான் இத்தனை காலம் காத்தது. சிமென்ட் மேடை கட்டுவதும், கல்லை எழுப்பி நேராக நிறுத்துவதும், எனாமல் பெயின்ட் அடிப்பதும் மட்டும் வேண்டாம் என்று பேசிப் புரியவைக்கலாம்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டாலோ, ஏரி வண்டல் அடிக்க டிராக்டர் வந்தாலோ, ஓட்டுநரிடம் மேட்டின் எல்லையை நேரில் காட்டிவிடுங்கள். நான்கு மூலையிலும் வெள்ளையடித்த கல் நட்டுவைத்தால் இரவு ஓட்டத்திலும் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை, மல்லாட்டை பிடுங்கிய பிறகு, பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரெதிர்க் கற்களின் நான்கு அளவையும் மீண்டும் எடுங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் மாறியிருந்தால் எந்தக் கல் சாய்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்று பார்த்து, முதலில் தண்ணீரைத் திருப்பிவிட்டு, அளவையும் தேதியையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.